கோடி ரூபாய்ப் பொம்மையா, நாலு கடித உறையா? தாதிய மாணவருக்கு எந்த சிமுலேஷன்

வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச்சங்கம் ஒன்று, திருகோணமலைப் பக்கம் பயிலும் தாதிய மாணவர்களுக்கு ஏதாவது செய்ய விரும்புகிறோம், பணம் இருக்கிறது, என்ன வாங்கலாம் என்று கேட்டிருக்கிறது. கேட்டதுமே எங்களுக்குள் இரண்டு கட்சி. கண் சிமிட்டும், மூச்சு விடும், நாடி துடிக்கும் அந்தப் பெரிய பொம்மையையே வாங்கிவிடலாம், இப்படியொரு வாய்ப்பு திரும்ப வராது என்கிறது ஒரு கட்சி. வார்ட் நிறைய நோயாளிகள் கிடக்கிறார்கள், பொம்மை எதற்கு என்கிறது மற்றது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்பதைப் பேசாமல் எதை வாங்குவது என்று பேசினால் சரியான முடிவு வராது என்பதால், வார்ட்டையும், சிமுலேஷன் எனப்படும், நிஜ நோயாளிக்குப் பதில் பாவனை நோயாளியை வைத்துப் பழக்கும் வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

ஊசி போடவும் கனூலா (மருந்தும் சேலைனும் ஏற்ற இரத்தக்குழாய்க்குள் வைக்கும் சிறு குழாய்) ஏற்றவும் பழக்குவது ஒரு வேலை. அதற்கு ஒரு ரப்பர் கையும் பொறுமையான ஆசிரியரும் போதும். நோயாளியிடம் என்ன மாறியிருக்கிறது என்று கண்டு, அது எதனால் என்று யோசித்து, இப்போது நானே செய்யக்கூடியது எது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று முடிவெடுக்கப் பழக்குவது இன்னொரு வேலை, அதுதான் கடினம். அமெரிக்கத் தாதியக் கல்வியாளர் கிறிஸ்டின் டானர் 2006-ல் இதை நான்கு படியாக எழுதினார்: கவனிப்பது, கவனித்ததற்குப் பொருள் காண்பது, செயல்படுவது, பிறகு திரும்பிப் பார்ப்பது. கீழே வரும் ஒவ்வொன்றையும் இந்த நான்கை வைத்துத்தான் அளக்கிறேன்.

முதலில் வார்ட். வார்ட்டுக்கு மாற்று கிடையாது, இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் வார்ட்டில் மாணவி உண்மையில் என்ன செய்கிறாள் என்று ஒரு காலை நேரம் நின்று பார்த்தால் புரியும். பிபி எடுக்கிறாள், காய்ச்சல் பார்க்கிறாள், சார்ட்டில் எழுதுகிறாள், அடுத்த கட்டிலுக்குப் போகிறாள். ஒரு நோயாளி மோசமாகும் அந்த நிமிடத்தில் சிஸ்டரும் டொக்டரும் சூழ்ந்துகொள்ள, மாணவி திரைக்கு வெளியே நிற்கிறாள். அது சரியும்கூட, உயிர் போகும் இடத்தில் யாரும் பழகிப் பார்க்க முடியாது. ஆனால் யோசிக்க வேண்டிய நேரம் எதுவோ அந்த நேரத்தில்தான் அவள் வெளியே இருக்கிறாள். அனுபவமுள்ள தாதி ஒருவர் கட்டிலைக் கடக்கும்போதே "இந்த ஐயாவைக் கொஞ்சம் பாருங்கோ, ஆள் சரியில்லை" என்பார். எதைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று கேட்க நேரமும் இருக்காது, கேட்டாலும் அவருக்கே உடனே சொல்ல வராது. அந்த யோசனை அவர் தலைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதோடு, எந்த மாணவிக்கு எந்த நோயாளி வாய்ப்பார் என்பது அதிர்ஷ்டம். மூன்று வருடப் பயிற்சியில் ஒரு பாம்புக்கடி மருந்து ஒவ்வாமையைக்கூடக் கண்ணால் காணாமல் ஒருவர் தாதியாகிவிடலாம்.

அப்படியானால் செலவே இல்லாத வழியில் இருந்து தொடங்குவோம்: காகிதம். ஒரு நோயாளியின் கதையை நாலு கடித உறைகளாகப் பிரித்து ஒவ்வொன்றாகத் திறப்பது. எங்கள் பக்கத்துக்கு டெங்குவைவிடப் பொருத்தமான கதை கிடையாது. 2017-ல் நாட்டில் 186,000-க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளிகள் பதிவானார்கள், அந்த வருடத் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாடு இங்குள்ள யாருக்கும் மறந்திருக்காது.

முதல் உறை: கிண்ணியாவைச் சேர்ந்த 32 வயது மீனவர், எடை 50 கிலோ, காய்ச்சல் தொடங்கி நாலாம் நாள், காலை ஆறு மணி. வெப்பநிலை 38.9, பல்ஸ் 96, பிபி 110/70, பிசிவி (இரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 40, பிளேட்லட் 128,000. இரண்டாவது உறை, நண்பகல்: வெப்பநிலை 37.4-க்கு இறங்கிவிட்டது. "காய்ச்சல் விட்டுட்டு மிஸ், வீட்டுக்குப் போகலாமா" என்று சிரித்துக்கொண்டு கேட்கிறார். பல்ஸ் 104, பிபி 106/78, பிசிவி 43, பிளேட்லட் 92,000. மூன்றாவது, மாலை நாலு மணி: பல்ஸ் 116, பிபி 100/82, கை குளிர்ந்திருக்கிறது, நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப மூன்று வினாடி, பிசிவி 48, மதியத்தில் இருந்து நாலு மணி நேரத்தில் போன சிறுநீர் 60 மில்லிலீட்டர்.

மூன்றாவது உறையைத் திறந்ததும் "பிபி 100 இருக்கிறது, பரவாயில்லை" என்று சொல்லும் மாணவர் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார். மேல் எண்ணை மட்டும் பார்த்துப் பழகிய கண் அது. இரண்டு எண்ணுக்கும் இடையே 18 தான் இருக்கிறது, 20-க்குக் கீழே வந்துவிட்டது, உடம்பு இரத்தக்குழாய்களை இறுக்கி இறுக்கிப் பிபியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, பிசிவி 40-ல் இருந்து 48-க்கு ஏறியது இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிந்துவிட்டது என்பதற்குச் சாட்சி. இதை அவர்களாகவே கண்டுபிடிக்க விட வேண்டும். ஆனால் எனக்கு முக்கியம் அதற்கு முந்தைய உறை. காய்ச்சல் இறங்கும்போது பல்ஸும் இறங்கத்தானே வேண்டும், ஏன் ஏறியது? இந்தக் கேள்வியை நண்பகலிலேயே கேட்கும் மாணவி மாலை நாலு மணி வரை காத்திருக்க மாட்டாள். நாலாவது உறையில் சேலைன். இலங்கையின் தேசிய வழிகாட்டலின்படி 50 கிலோ எடையுள்ள பெரியவருக்குக் கசிவு நடக்கும் அந்த 48 மணி நேரத்துக்கும் சேர்த்து, வாயால் குடிப்பதையும் கணக்கில் எடுத்து, மொத்தத் திரவம் 4600 மில்லிலீட்டர் அளவில்தான் நிற்க வேண்டும். பயத்தில் திறந்துவிட்டால் நெஞ்சில் நீர் கோக்கும், இழுத்துப் பிடித்தால் இரத்த ஓட்டம் குலைந்து ஷொக். எவ்வளவு போயிருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று மணிக்கு மணி கணக்கு வைப்பவர் தாதிதான், ஆகவே இந்தக் கணக்கு மருத்துவருடைய விஷயம் என்று விட்டுவிட முடியாது.

இவ்வளவும் நாலு கடித உறையில் நடக்கிறது. கவனிப்பது, பொருள் காண்பது இரண்டுக்கும் காகிதம் அருமையானது. குறை என்னவென்றால், காகிதத்தில் கை குளிர்ந்திருக்கிறது என்று எழுதியே கொடுத்துவிடுகிறோம். வார்ட்டில் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை, தொட்டுப் பார்க்கத் தோன்ற வேண்டும். அவசரமும் காகிதத்தில் இல்லை.

கணினித் திரையில் நடக்கும் சிமுலேஷனுக்கும் இதே குறைதான், இன்னும் கூடுதலாக. கோவிட் காலத்தில் உலகம் முழுக்க இது பரவியது, வீட்டில் இருந்தே எத்தனை தடவையும் செய்து பார்க்கலாம், பிழை விட்டால் யாருக்கும் தெரியாது, கூச்சமுள்ள மாணவருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் என்ன செய்யலாம் என்ற பட்டியல் திரையிலேயே இருக்கிறது. "நாடித்துடிப்பைப் பார்" என்ற பொத்தானைக் கண்டவுடன் நாடி பார்க்க வேண்டும் என்று நினைவு வருவது யோசனை ஆகாது. சந்தாவை டொலரில் கட்ட வேண்டும், நோயாளி வேறு நாட்டுக்காரர், மருந்துப் பெயர்களும் வார்ட் ஒழுங்கும் வேறு. மேலதிகமாக இருந்தால் நல்லது, சங்கத்தின் பணத்தை இதில் போட வேண்டாம்.

நோயாளியாக ஓர் ஆளை நடிக்க வைப்பது பற்றி இங்கே யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு அது வருத்தம், ஏனென்றால் நம் ஊருக்கு மிகவும் பொருந்துவது இதுதான். லொஸ் ஏஞ்சலிஸில் நரம்பியல் மருத்துவர் ஹவார்ட் பரோஸ் 1963-லேயே மருத்துவ மாணவருக்காக இதைச் செய்து காட்டிவிட்டார். பொம்மை எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் மூதூரில் இருந்து வரும் 55 வயது அம்மா பேசுவது போலப் பேசாது. அவருக்கு நீரிழிவு. நெஞ்சு நோகிறது என்று அவர் சொல்லவே மாட்டார். "வாய்வு பிடிச்சிருக்கு மகள், இஞ்சித் தண்ணி குடிச்சனான், கேட்கல்ல, உடம்பு ஒரு மாதிரி களைப்பாக் கிடக்கு" என்பார். கேட்ட கேள்விக்கெல்லாம் பக்கத்தில் நிற்கும் கணவர் பதில் சொல்வார். நீரிழிவுள்ள பெண்ணுக்கு மாரடைப்பு இப்படி வாய்வு வேடத்தில் வரலாம் என்பதைப் புத்தகத்தில் படித்த மாணவி, அந்தப் பேச்சுக்கு நடுவில் அதை அடையாளம் கண்டு, பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வைக்கிறாளா என்பதுதான் பரீட்சை. கணவரை மரியாதை குறையாமல் விலக்கி அந்த அம்மாவிடமே கேட்கத் தெரிகிறதா என்பதும் அதில் அடங்கும். ஓய்வுபெற்ற ஆசிரியைகள், நாடகம் பழகிய இளைஞர்கள், இவர்களுக்கு இரண்டு மூன்று நாள் பயிற்சியும் போக்குவரத்துச் செலவும் ஒரு சிறிய கொடுப்பனவும் கொடுத்தால் போதும். கிண்ணியா, சம்பூர், தம்பலகாமம், குச்சவெளி என்று ஒவ்வொரு பக்கத்துப் பேச்சிலும் ஆள் வேண்டும். ஒரே கதையை எல்லா மாணவருக்கும் ஒரே மாதிரிச் சொல்லப் பழக்குவதில்தான் உழைப்பு இருக்கிறது, இல்லாவிட்டால் ஒரு குழுவுக்குக் கிடைத்த குறிப்பு அடுத்த குழுவுக்குக் கிடைக்காது. நடிப்பவரின் கையை நிஜமாகக் குளிர வைக்க ஐஸ் தண்ணீர்ப் பை போதும், வியர்வைக்குத் தண்ணீரில் கொஞ்சம் கிளிசரின் கலந்து தெளிக்கலாம். ஆனால் அவருக்கு ஊசி போட முடியாது, அவருடைய பிபியை விழ வைக்கவும் முடியாது.

அங்கேதான் பொம்மை வருகிறது. தாதியருக்கும் பொம்மைக்கும் உறவு பழையது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஒரு தாதியர் பயிற்சிப் பள்ளி 1911-லேயே ஆளுயரப் பொம்மை ஒன்றைச் செய்வித்து மிஸிஸ் சேஸ் என்று பெயர் வைத்து, கட்டிலில் திருப்பவும் உடை மாற்றவும் பழக்கியது. இன்று கடையில் இருப்பதை, சாதாரணப் பொம்மை, கணினியோடு இணைந்த விலையுயர்ந்த பொம்மை என்று இரண்டாகப் பிரிக்கலாம். பின்னதற்கு மார்பு ஏறி இறங்கும், நுரையீரலில் சத்தம் கேட்கும், கண்மணி சுருங்கும், கொடுத்த மருந்துக்கு ஏற்ப மொனிட்டர் எண்கள் மாறும். நம் பணத்தில் கோடிக்கணக்கில் ஆகும். அதோடு முடியாது: உதிரிப்பாகம் டொலரில், வருடாந்தப் பராமரிப்பு டொலரில், 2022-ல் ரூபாய் விழுந்ததைப் பார்த்த யாரும் இந்த வரியைச் சும்மா கடந்து போகக் கூடாது. எந்நேரமும் குளிரூட்டிய அறை வேண்டும், கடற்கரை ஊரின் உப்புக் காற்றுக்கும் மின்னணுப் பொருளுக்கும் ஒத்துவராது. இயக்கத் தெரிந்த ஒருவர் அதே வேலையாக இருக்க வேண்டும். அவர் இடமாற்றம் பெற்றுப் போனால் அறை பூட்டித்தான் கிடக்கும்.

இதற்கு நிகராகச் சாதாரணப் பொம்மையை எப்படி ஓட்டலாம் என்று சொல்கிறேன். கந்தளாய்ப் பக்கத்து வயல்காரர், கண்ணாடிப் புடையன் கடித்தது, கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம் இருபது நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்த்தபோது உறையவில்லை, விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது என்பதற்கு அது அடையாளம், ஆகவே விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் இருந்து வரும் அந்த மருந்துக்கு ஒவ்வாமை அடிக்கடி வருவது தெரிந்த விஷயம். பொம்மையின் தலைமாட்டில் திரைக்குப் பின்னால் ஆசிரியர் உட்கார்ந்து குரல் கொடுக்கிறார்: "மிஸ், உடம்பெல்லாம் கடிக்குது." அரிப்பைத்தான் அப்படிச் சொல்கிறார். பக்கத்தில் ஒரு டேப்லெட், மொனிட்டர் போல ஓடுகிறது, இன்னொரு போனில் இருந்து எண்களை மாற்றலாம், அப்படிப்பட்ட செயலிகள் மலிவு. பல்ஸ் ஏறுகிறது. "மிஸ், நெஞ்சு இறுக்குது, மூச்சு எடுக்கேலாமக் கிடக்கு." பிபி 80/40. இப்போது மாணவி என்ன செய்கிறாள்? டொக்டரைத் தேடி ஓடுகிறாளா, முதலில் மருந்து ஏறுவதை நிறுத்துகிறாளா? ஒட்சிசன் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? இந்த ஒவ்வாமைக்கு முதலில் போட வேண்டிய அட்ரினலின் 1:1000, 0.5 மில்லிலீட்டர், தொடைத் தசையில் என்பது வாயில் வருகிறதா, கையிலும் வருகிறதா? வீங்குகிற உதடும் சத்தம் போடுகிற நுரையீரலும் இந்தப் பொம்மைக்கு இல்லை, ஒரு அட்டையைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த எட்டு நிமிடத்தில் அவளுடைய கை நடுங்குவது நிஜம், யோசனையும் நிஜம்.

விலையுயர்ந்த பொம்மை எங்கே வெல்லும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யப் போகிறவர்களுக்கு, சுவாசக் குழாய் போடும் குழுப் பயிற்சிக்கு, நுரையீரல் சத்தத்தை வைத்து முடிவு மாற வேண்டிய கதைகளுக்கு அது நல்லது. ஆனால் முதல் இரண்டு வருட மாணவருக்கு யோசிக்கப் பழக்குவதற்கு அது தேவையில்லை. விலை ஏறினால் யோசனையும் அதே அளவு ஏறும் என்று ஆய்வுகளும் ஒரே குரலில் சொல்லவில்லை.

ஆய்வு என்றதும் எல்லோரும் எடுத்துக் காட்டுவது ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் தாதியர் உரிமம் வழங்கும் சபைகளின் தேசியக் கூட்டமைப்பு 2014-ல் வெளியிட்டது. 10 கல்வி நிறுவனங்கள், மூன்று பிரிவு மாணவர்கள்: ஒரு பிரிவுக்கு வழமையான வார்ட் பயிற்சி, இன்னொன்றுக்கு அதில் 25 சதவீதத்துக்குப் பதில் சிமுலேஷன், மூன்றாவதுக்கு 50 சதவீதம். படிப்பு முடிவிலும் வேலைக்குப் போன முதல் ஆறு மாதத்திலும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. இதைக் காட்டி வார்ட் நேரத்தைப் பாதியாக்கலாம் என்று சொல்பவர்களுக்கு ஒரு விஷயம்: அந்த நிறுவனங்களில் சிமுலேஷன் நடத்தியவர்கள் அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள், குறிப்பாக முடிந்த பிறகு உட்கார்ந்து பேசும் டீப்ரீஃபிங்குக்கு. அது இல்லாமல் அந்த முடிவை மட்டும் இங்கே கொண்டுவர முடியாது. நம் இடத்தில் வார்ட் நேரத்தில் ஒரு மணி நேரத்தைக்கூட வெட்டாமல், வார்ட்டுக்குப் போகும் முன் சிமுலேஷனை வைப்பதுதான் என் ஆலோசனை.

டீப்ரீஃபிங்தான் இந்த ஒப்பீட்டின் நடுமையம். சம்பவம் 15 நிமிடம் என்றால் பேச்சு குறைந்தது 30 நிமிடம். நாம் பழகிய முறை என்ன? முடிந்தவுடன் ஆசிரியர் எழுந்து "ஏன் ஒட்சிசன் போடவில்லை?" என்று கேட்பார், மாணவி தலை குனிவாள், ஆசிரியர் சரியான விடையைச் சொல்வார், எல்லோரும் எழுதுவார்கள். அதில் சரியான விடை மட்டும்தான் கிடைக்கும், பிழையான யோசனை எங்கே தொடங்கியது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். "பிபி 80 என்று பார்த்தபோது உங்கள் மனதில் என்ன ஓடியது?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். முதலில் "தெரியாது மிஸ்" என்றுதான் வரும். இன்னும் கொஞ்சம் காத்திருந்தால், "மெஷின் பிழை என்று நினைச்சன், திரும்ப எடுத்துப் பார்க்கலாம் என்று இருந்தன்" என்று வரும். பிடிக்க வேண்டிய இடம் அதுதான். மெஷின் பிழையா நோயாளி பிழையா என்று எதைப் பார்த்து முடிவெடுப்பது? நாடியைத் தொட்டுப் பார், முகத்தைப் பார், பேசச் சொல். இப்படி ஒரு யோசனையைத் திருத்தினால் அது அடுத்த நூறு நோயாளிக்கும் உதவும்.

இங்கே மொழியையும் சொல்ல வேண்டும். புத்தகம் ஆங்கிலம், சார்ட் ஆங்கிலம், நோயாளி தமிழ், கூட வேலை செய்பவர்களில் பலர் சிங்களம். மாணவியை ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று கட்டிப்போட்டால் அவள் மனப்பாடம் செய்ததைச் சொல்வாள். டீப்ரீஃபிங்கைத் தமிழில் விடுங்கள், சிங்களம் பேசும் மாணவர் இருந்தால் அவர் சிங்களத்தில் சொல்லட்டும். டொக்டருக்குப் போன் செய்து நிலைமை சொல்லும் பகுதியை மட்டும் ஆங்கிலத்தில் பழக்கினால் போதும்.

இன்னொன்று, எட்டுப் பேர் குழுவில் இரண்டு பேர்தான் பொம்மையோடு இருப்பார்கள். மீதி ஆறு பேர் வேடிக்கை பார்த்தால் நேரம் வீண். டானருடைய நான்கு படிகளை வைத்து கேத்தி லசாட்டர் 2007-ல் செய்த மதிப்பீட்டு அட்டவணை ஒன்று இருக்கிறது, 11 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் தொடக்க நிலையில் இருந்து தேர்ந்த நிலை வரை நாலு நிலை. அதைச் சுருக்கித் தமிழில் ஒரு பக்கமாக்கிப் பார்ப்பவர் கையில் கொடுக்கலாம். ஆனால் முதல் தவணையில் புள்ளி போட வேண்டாம். புள்ளி போட்டால் யாரும் மனதில் ஓடியதைச் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே சங்கத்துக்கு என் பரிந்துரை இதுதான். பணத்தின் முதல் பங்கு ஆட்களுக்கு: நாலைந்து ஆசிரியர்கள் டீப்ரீஃபிங் பழகி வர வேண்டும், ஒருவர் மட்டும் போனால் அவருக்கு இடமாற்றம் வரும்போது எல்லாம் அவரோடே போய்விடும். அடுத்தது நடுத்தர விலையில் ஒரு பொம்மை, ஊசி போடவும் கனூலா ஏற்றவும் மார்பை அழுத்தவும் தாங்குவது, மாற்றிப் போடும் தோலும் இரத்தக்குழாயும் கொழும்பிலேயே கிடைப்பது. இரண்டு டேப்லெட், ஒரு திரைச்சீலை, உண்மையான வார்ட் கட்டில், உண்மையான அவசர மருந்துத் தட்டு. அதற்கடுத்து நடிப்பவர்களுக்கான கொடுப்பனவு, மூன்று வருடத்துக்கு ஒதுக்கி வைத்து. கடித உறைகளுக்குச் செலவே இல்லை, அதை நாளைக்கே தொடங்கலாம். விலையுயர்ந்த பொம்மைதான் வேண்டும் என்று சங்கம் நின்றால், ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தமும் அதற்கென்று ஓர் ஆளின் சம்பளமும் சேர்த்துத் தருவீர்களா என்று கேளுங்கள். ஆம் என்றால் மட்டக்களப்போடு சேர்ந்து மாகாணத்துக்குப் பொதுவாக வைப்பதைப் பேசலாம். இல்லை என்றால் வேண்டாம்.

எந்தக் கதையில் தொடங்குவது என்று கேட்டால் டெங்குதான். வடகீழ்ப் பருவமழை பிடிப்பதற்கு முன், ஒக்டோபருக்குள் எல்லாக் குழுவுக்கும் ஒரு சுற்று முடித்துவிடுங்கள். மழை தொடங்கிய பிறகு ஆசிரியருக்கும் நேரம் கிடைக்காது, மாணவரும் முழுநேரம் வார்ட்டிலேயே நிற்பார்கள்.